மந்தபுத்தி

"இன்னிக்கு என்ன கிழமை ஐயா?"

சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர், டாக்டரின் முகத்தையே பார்த்தார். பக்கத்தில் நின்ற ஆயாம்மா குனிந்து, துண்டால் அவர் வாயைத் துடைத்தாள்.

"செவ்வாய்" என்றார் பெரியவர், பளிச்சென்று.

டாக்டருக்கு ஆச்சரியம். மகளுக்கு எரிச்சல். அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று இந்த டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே முதியோர் விடுதியில் தள்ளிவிட்டு வீட்டை விற்றுவிடலாம். பாவம், எவ்வளவு நாள்தான் காத்திருப்பாள்!

"எங்கப்பாவும் பெரிய டாக்டர்தான் சார். இதே மாதிரிதான் உக்காந்து கேள்வி கேப்பார்" என்று சுவரில் மாட்டியிருந்த பாராட்டுப் பட்டயத்தைக் காட்டினாள். "அநாதை விடுதிப் பொண்ணுங்களை வரிசையா நிக்க வெச்சுக் கேப்பார். பதில் வரலைன்னா மந்தபுத்தின்னு சொல்லிடுவார். அவர் வாயால அந்த வார்த்தை வந்துட்டா ஆபரேஷன்தான். அதுங்க வம்சம் பெருகக்கூடாதுன்னு அப்பல்லாம் விடுதிகள்ல அதுதான் வழக்கம்."

"இப்ப நாங்க அந்த வார்த்தையைச் சொல்றதே இல்லம்மா" என்றார் டாக்டர் சங்கடத்தோடு. பெரியவர் பக்கம் திரும்பினார். "இவங்க யாருன்னு தெரியுதா ஐயா?"

மறுபடியும் துண்டு வாய்க்குப் போனது.

"என் பொண்ணுன்னு சொல்லுங்க ஐயா" என்றார் பெரியவர், சத்தமாக.

குட்டு உடைந்தது. டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஆயாம்மா கொஞ்சம் வெளியில இருக்கட்டும். மொதல்லேருந்து கேக்கறேன்."

மகள், ஆயாம்மாவின் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தாள்.

"என்ன திமிரு உனக்கு! அவரை அனுப்பிட்டா சம்பளம் போயிடுமேன்னு பயமா? புள்ளையா குட்டியா, யாருக்குச் சேத்து வைக்கப் போற?"

ஆயாம்மாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் குரல் நிதானமாகத்தான் வந்தது.

"சம்பளத்துக்காக இல்லம்மா. விடுதி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் அநாதை விடுதியில வளந்தவ."

உள்ளே டாக்டர் கேட்டார்: "இன்னிக்கு என்ன கிழமை ஐயா?"

பெரியவரின் கண்கள் ஆயாம்மாவைத் தேடின.

"என்னையும் இப்படித்தான் கேட்டாங்க. பதினாலு வயசு. பதிலெல்லாம் தெரியும்மா. பயத்துல நாக்கு எழும்பல. பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்க அன்னிக்கு ஒருத்தர் இருந்திருந்தா, எனக்கும் உங்களை மாதிரி ஒரு பொண்ணு இருந்திருப்பா."

மகளின் பிடி தளர்ந்தது.

"யாரு... உன்னைக் கேள்வி கேட்டது யாரு?"

உள்ளே பெரியவர் "ஆயாம்மா, ஆயாம்மா" என்று அழத் தொடங்கியிருந்தார். துண்டை எடுத்துக்கொண்டு ஓடியவள், வாசற்படியில் ஒரு கணம் நின்றாள்.

"ஐயாதாம்மா."