கட்டிப்போட்ட கை

டங்... கர்ர்ர்... டங்.

விளக்கு வைத்ததும் பக்கத்து வீட்டில் அந்தச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. தட்டைத் தரையில் போட்டு இழுக்கிற மாதிரி. பவித்ரா கைக்குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். புருஷன் போடிமெட்டு எஸ்டேட்டில். சனிக்கிழமைதான் மலை இறங்குவான்.

பேயாக இருந்தால் கான்வென்டில் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை வைத்தே சமாளித்துவிடுவாள். இது ராமுத்தாய் மதினி.

மதினியின் புருஷன், ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த மொக்கையன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. நன்றாக இருக்கிற இடது கையையும் துண்டால் வயிற்றோடு சேர்த்துக் கட்டி, முன்னால் சோற்றுத் தட்டை வைத்து, "தின்னா தின்னு, திங்காட்டி கிட" என்று சொல்லிவிட்டு மதினி பாட்டுக்கு வெளியே கிளம்பிவிடுவாள். தினமும்!

அவள் தெருமுனை திரும்பட்டும் என்று காத்திருந்து, பவித்ரா குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுக் கிண்ணத்தோடு உள்ளே நுழைந்தாள். ஒரு மாதமாக இப்படித்தான்.

"வந்துட்டியா ஆத்தா? இன்னைக்கு என்ன குழம்பு?"

"கருவாடுண்ணே."

"நீ நல்லாருப்ப. வெரசா ஊட்டு, அவ வந்துருவா."

கட்டை அவிழ்த்துவிட்டு ஊட்டினாள். நாலு வாய்கூட ஆகவில்லை.

"அடிப்பாவி!"

வாசலில் ராமுத்தாய். கூடவே அண்ணனுக்கு வைத்தியம் பார்க்கிற மதுரை நரம்பு டாக்டர் சிவரஞ்சனி.

எங்கிருந்தோ தைரியம் வந்தது பவித்ராவுக்கு.

"டாக்டர், நீங்களே பாருங்க! நல்ல கையையும் கட்டிப்போட்டுப் பட்டினி போடுறாங்க. நான் போலீசுக்குப் போகப்போறேன்!"

"போங்க. போய் என் பேரைச் சொல்லுங்க. கட்டச் சொன்னதே நான்தான்."

டாக்டர் அவிழ்ந்து கிடந்த துண்டைக் கையில் எடுத்தார்.

"இவருக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டிருக்கோம்மா. அது கையை எழுப்புமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் ஆராய்ச்சி. ஆனா எந்த ஊசி போட்டாலும் கை வேலை செஞ்சாகணும். நல்ல கை சும்மா இருந்தாத்தானே முடியாத கை முன்னால வரும்? இதே ஊசி போட்ட மத்தவங்களுக்கெல்லாம் விரல் அசையுது. இவருக்கு மட்டும் அசையவே இல்ல. ஊசி பலிக்கலைன்னு எழுதறதுக்கு முன்னால, என்ன நடக்குதுன்னு பார்க்கலாம்னு சொல்லாம வந்தேன்."

கருவாட்டுக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"பிரஷர் ஏன் இறங்கலைன்னும் இப்பத் தெரியுது."

மொக்கையன் தலையைக் குனிந்துகொண்டார். "உப்பில்லாத சோத்த எத்தன நாளுதான் தாயி திங்கிறது?"

பவித்ராவுக்கு முகமெல்லாம் எரிந்தது. இருந்தாலும் விடவில்லை.

"அப்ப மதினி ஏன் விட்டுட்டு வெளிய போறாங்க?"

ராமுத்தாய் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"சோறு சிந்துறதப் பாத்துக்கிட்டு நின்னா நானே ஊட்டிருவேனே! அதுக்குப் பயந்துதானடி ரயில்வே கேட்டு வரைக்கும் நடந்துட்டு வர்றேன்."

மறுநாளிலிருந்து ரயில்வே கேட்டுக்கு இரண்டு பேராக நடந்தார்கள். குழந்தையை மாற்றி மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள்.

ஒன்றரை மாதத்தில் மொக்கையனின் வலது கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. ஊசியா, துண்டா, எது எழுப்பியது என்று டாக்டருக்கே இன்னும் தெரியாதாம்.

அன்றைக்குக் கிளம்பும்போது ராமுத்தாய்க்கு மனசு கேட்கவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"ஒரே ஒரு வாய் ஊட்டிட்டு வந்துர்றேன்யா."

"போங்கத்தா அங்கிட்டு!" இடது கை வயிற்றோடு கட்டியபடியே இருக்க, மொக்கையன் எழுந்து வந்து, இரண்டு பேர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார்.

உள்ளே இரும்பு உரசியது. நழுவியது. மறுபடி உரசியது.

ராமுத்தாய் கதவைத் தள்ளக் கை நீட்டினாள். அந்தக் கையைப் பவித்ரா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டக்கென்று உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.