பத்து வருச டாக்டர்

"கிளாடிஸ் உங்ககிட்ட பத்து வருசம் வேலை பார்த்தாள்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க டாக்டர். அது போதுமுங்க."

விமலாராணி கேட்டேவிட்டாள்.

ஆர்.எஸ்.புரத்தில் டாக்டர் ரங்கராஜின் கிளினிக். கதவுக்கு வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க பொண்ணு இங்க எட்டு வருசந்தானுங்களே பார்த்துச்சு" என்றார் டாக்டர்.

"ரெண்டு வருசந்தானுங்க கூட்டிச் சொல்லோணும்."

"சொல்ல மாட்டேனுங்க."

கிளாடிஸ் கல்ஃபில் சொந்தமாகக் கிளினிக் வைக்கிறாள். இடம் பிடித்தாயிற்று, பெயின்ட் அடித்தாயிற்று. அந்த ஊர் அதிகாரிகள் வந்து, கை கழுவும் தொட்டியிலிருந்து சக்கர நாற்காலி நுழையும் கதவுவரை அளந்து பார்த்து, சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஒன்றுதான் பாக்கி. பத்து வருட அனுபவமுள்ள டாக்டர் ஒருவர் பொறுப்பில் இருந்தால்தான் லைசென்ஸ். கிளாடிஸ் டாக்டராகி எட்டு வருடம்தான் ஆகிறது. இந்த மாதக் கடைசிக்குள் அப்படி ஒருவரைக் காட்டாவிட்டால், எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மகள் அங்கே ஆள் தேடிக்கொண்டிருந்தாள். இங்கே அம்மாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. காரணம், அவசரப்பட்டு அவள் செய்துவைத்திருந்த காரியம். லைசென்ஸ் வருவதற்கு முன்னாலேயே, வருகிற ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நன்றிப் பூசைக்குச் சொல்லிவிட்டாள். சாமியாரும் பீடத்தில் நின்று, நம் பங்கைச் சேர்ந்த மகள் வெளிநாட்டில் மருத்துவமனை திறக்கிறாள் என்று அறிவித்துவிட்டார். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டி மகளை டாக்டருக்குப் படிக்கவைத்தவள் அவள். அன்றைக்குக் கோயிலில் அவள் தலை முக்காட்டுக்குள் நிற்கவில்லை.

"புள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி பேர் வெச்சிட்டு வந்திருக்கே" என்றார் புருசன் ஆரோக்கியதாஸ்.

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதுங்களா" என்று எரிந்து விழுந்தவள், அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும் போலிருந்தது.

"அந்த ஊர் ஆபீசருங்க எப்படியும் உங்களைத்தான் விசாரிப்பாங்களாமுங்க. ஒரு வார்த்தைங்க டாக்டர்" என்று மறுபடியும் கெஞ்சினாள் விமலாராணி.

"ஏனுங்கம்மா, ஒருநாள் லீவுக்கு வயித்துவலின்னு கேட்டு வர்றவங்களுக்கே நான் பொய்க் கையெழுத்துப் போடறதில்லீங்க. நாலு பேரு உசுரை நம்பி ஒப்படைக்கற எடத்துக்குப் பொய் சொல்லச் சொல்றீங்களே."

"அவ கெட்டிக்காரின்னு உங்களுக்கே தெரியுமுங்க."

"தெரியுமுங்க. அதுக்காக எட்டு பத்தாயிருமுங்களா? அந்தப் புள்ளையா கேக்கச் சொல்லுச்சு?"

"அவளுக்கு நான் வந்ததே தெரியாதுங்க."

"அதானே பார்த்தேன். கிளாடிஸ் இதைக் கேக்காது."

அந்தச் சொல் விமலாராணியைச் சுருக்கென்று குத்தியது.

"வேலையை விட்டுப் போறேன்னு அவ சொன்னப்பவே நீங்க மொகம் குடுத்துப் பேசலையாமா. இப்பத்தானுங்க வெளங்குது. உங்ககிட்ட கை கட்டி நின்ன புள்ளை சொந்தமா கிளினிக் வெச்சா, உங்களுக்கு எப்படிங்க பொறுக்கும்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கதவைப் பார்த்து, "அடுத்து யாருங்க?" என்றார்.

கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்த செவ்வாழைச் சீப்பைத் திரும்ப எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள் விமலாராணி. ஊர் அவிநாசி போய்ச் சேரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் சாமியார் வீட்டு வாசலில் நின்றாள். பூசையை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கிளாடிஸ்.

"அம்மா, பத்து வருச டாக்டர் கெடைச்சாச்சு."

"நெசமாவா கண்ணு? ஆரு?"

"நம்ம ரங்கராஜ் சாரும்மா."

விமலாராணி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஆள் கெடைக்கலைன்னு தெரிஞ்சு, சார் தானாவே, இந்த ஊர்ல டாக்டர் வேலை பார்க்க எழுதற பரீட்சைக்குப் படிச்சிருக்காரு. மொதத் தடவை பெயிலாம். வெளிய தெரிஞ்சா வெக்கம்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை. ரெண்டாந்தடவை எழுதி, இன்னைக்கு மத்தியானம் ரிசல்ட் வந்திருக்கு. பாஸ். அங்க கிளினிக்கை அவரு மகன் பார்த்துக்குவாராம்."

"அப்ப அவரு..."

"எனக்குப் பத்து வருசம் முடியறவரைக்கும் எங்கிட்டதாம்மா வேலைக்குச் சேர்றாரு. எனக்குக் கூச்சமாப் போச்சு, எப்படி சார் உங்களை நான் வேலை வாங்கறதுன்னேன். 'நான் சொல்லிக் குடுத்த புள்ளை எனக்கு மொதலாளி, இதைவிட எனக்கென்ன வேணும்? லீவு கேட்டா மட்டும் தாராளமாக் குடு'ன்னு சிரிக்கறாரு."

காலையில் பேசியதெல்லாம் மகளிடம் சொல்லியிருப்பாரோ?

"சாரு... என்னைப் பத்தி எதாச்சும் சொன்னாரா கண்ணு?"

"ஒண்ணு சொல்லச் சொன்னாரு. எனக்குத்தான் என்னன்னு புரியலை."

"என்ன?"

"'உங்கம்மா எங்கிட்ட ரெண்டு வருசம் கேட்டாங்க. வாயால குடுக்க முடியலை, நேர்ல வந்து குடுக்கறேன்னு சொல்லிரு'ன்னாரு."