பக்கத்து நிலத்துக்காரி

"இது நீதானே?"

மருந்துக்கடைக்காரர் கைபேசியை அந்தப் பெண்ணின் மூக்குக்கு நேரே நீட்டினார். அவருக்குப் பின்னால் மண்வெட்டியும் கடப்பாரையுமாகப் பதினைந்து பேர்.

பக்கத்து நிலத்துக்காரி பார்த்தாள். பத்து விநாடிப் படம். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அவள் குனிந்து கம்பி வேலியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்."

"எதுக்கு வெட்டின?"

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் சொல்லட்டுமா? உன் ஆடு ரெண்டும் உள்ள போய் மேயணும். அதுக்குத்தானே?"

வேலிக்கு உள்ளே இருந்த எட்டு ஏக்கரும் ஒரு காலத்தில் சோளக்காடு. உரம் தின்று தின்று செத்துப்போன மண்ணை டவுன்காரர்கள் சிலர் சங்கமாகச் சேர்ந்து வாங்கி, ஞாயிறுதோறும் வந்து நாட்டு மரங்களாக நட்டு, நாலு வருஷமாக நிஜக் காடாக்கிக்கொண்டிருந்தார்கள். மரம் வந்தால் பறவை வரும், பின்னாலேயே விலங்கும் வரும் என்று ஆசை.

இந்த வருஷம்தான் சுற்றிலும் வேலி போட்டார்கள். பிடித்தது சனியன். ஞாயிற்றுக்கிழமை அடைக்கிற ஓட்டை புதன்கிழமைக்குள் திறந்து கிடக்கும். கன்றுகளில் கொழுந்து இருக்காது. அதற்காகத்தான் மருந்துக்கடைக்காரர் ஒரு கேமராவை மரத்தில் மறைத்துக் கட்டினார்.

"காரணம் இருந்தா சொல்லும்மா," என்று தணிவாகக் கேட்டாள் சங்கத்தின் செயலாளர், வங்கியில் வேலை பார்ப்பவள்.

பக்கத்து நிலத்துக்காரி பதினைந்து முகங்களையும் ஒரு தடவை பார்த்தாள். பாதிப்பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"ஒண்ணும் இல்லைங்க."

"பாத்தீங்களா, கல்லுளிமங்கி!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அங்கேயே நின்றபடி, 'நம்ம காட்டை மேயற திருடி இவதான்' என்று எழுதிப் படத்தைக் குரூப்பில் போட்டார். அது மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. பாராட்டு குவிந்தது. சாயங்காலம் போலீஸில் புகார் கொடுப்பதாக முடிவாயிற்று.

மத்தியானம் சாப்பிடும்போது மனைவியிடம் பெருமையாகக் காட்டினார்.

"ஆடு எங்கே?" என்றாள் அவள்.

"எந்த ஆடு?"

"அவ வெட்டறது தெரியுது. ஆட்டைக் காணோமே. முழுசாப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. வேண்டிய பத்து விநாடி கிடைத்ததும் அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு நிறுத்தியிருந்தார். இவள் வாயை அடைப்பதற்காகவே மிச்சப் படத்தையும் ஓடவிட்டார்.

வெட்டின கம்பியின் முனைகள் யாரையும் கீறாதபடி பக்கத்து நிலத்துக்காரி வளைத்துவிட்டாள். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து தன் நிலத்துத் தொட்டியில் ஊற்றினாள். பிறகு தள்ளிப்போய், தன் ஆடுகள் இரண்டையும் கயிற்றோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆறு நிமிஷம் ஒன்றுமில்லை.

அப்புறம் காட்டுக்குள்ளிருந்து ஒரு மான் வந்தது. ஓட்டையில் நின்று காதை ஆட்டியது. பின்னால் கால் நடுங்க நடுங்க ஒரு குட்டி. இரண்டும் வெளியே போய்த் தண்ணீர் குடித்தன. அவளுடைய பயிரில் நாலு வாய் கடித்தன. திரும்பி உள்ளே வந்து மறைந்தன. அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு வருஷமாக எதிர்பார்த்த மான்! வேலி போட்டபோது உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. கொழுந்தைத் தின்றதும் அதுதான். எட்டு ஏக்கரில் கன்றுக்கெல்லாம் சொட்டுநீர்க் குழாய் இருந்தது. வாய் வைத்துக் குடிக்க ஒரு பள்ளம் இல்லை.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். வண்டியை எடுத்தார்.

பக்கத்து நிலத்துக்காரி தன் வீட்டு வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பெரிய தப்புப் பண்ணிட்டேன். என்னை எதால வேணாலும் அடிங்க. முழுப் படத்தையும் குரூப்ல போட்டு, எல்லார் முன்னாடியும் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன். இதோ..."

காலையில் பதினைந்து பேருக்கு அசையாத முகம் இப்போது வெளிறியது. ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லைம்மா."

அவளுக்கு மூச்சு வந்தது.

"அனுப்பாதீங்க சார். உங்க குரூப்ல எத்தனை பேரு?"

"இருநூறு."

"இருநூறு பேருக்குத் தெரிஞ்சா, கண்ணி வைக்கிறவனுக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? போன மாசம்தான் அந்தப் பக்கம் ஒரு மானைக் கண்ணி வச்சுப் பிடிச்சாங்க. இந்தக் குட்டி பொறந்தே பத்து நாள்தான் ஆகுது."

"அதுக்காக நீங்க... ஊரே உங்களைத் திருடின்னு..."

"தெரியும். என் மக போன் பண்ணி அழுதா." அவர் கையை விட்டாள். "குட்டி ஓடப் பழகட்டும் சார். அதுவரைக்கும் நான் திருடியாவே இருந்துக்கறேன்."

அவரால் நிமிர்ந்து அவளைப் பார்க்க முடியவில்லை. கைபேசி அடித்தது. செயலாளர்.

"சார், புகார் எழுதியாச்சு. உங்க கையெழுத்துதான் பாக்கி."

"புகார் வேண்டாம். வேலியை வெட்டச் சொன்னதே நான்தான். புதுசாக் குழாய் போடறதுக்கு. சொன்னதை நானே மறந்துட்டேன். குரூப்லயும் அப்படியே போட்டுடறேன்."

அந்தப் பக்கம் பேனா மேஜையில் விழும் சத்தம் கேட்டது.

"அப்போ, காலையில அந்தம்மா வாயைத் திறக்காம நின்னது உங்க மானத்தைக் காப்பாத்தறதுக்கா? அவங்களைப் போய் திருடின்னு... சே! நீங்கல்லாம் ஒரு மனுஷனா சார்?"

"இல்லைங்க," என்றார் மருந்துக்கடைக்காரர்.