பத்தாயிரம் தோட்டா

“நாலாயிரமெல்லாம் எங்கப்பாவுக்கு எந்த மூலைக்கு? பத்தாயிரம் தோட்டா தாங்குற குழலா எடுங்க,” என்றான் டெரல், துப்பாக்கிக் கடைக்காரன் லெஸ்டரிடம்.

பக்கத்தில் நின்ற ஆர்வில் மனசுக்குள் கணக்குப் போட்டார். எழுபத்து நாலு வயதுக்காரனுக்குப் பத்தாயிரம் தோட்டா. வருஷத்துக்கு ஆயிரம் சுட்டாலும் எண்பத்து நாலு வரை இருந்தாக வேண்டும். பிள்ளை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

டாக்டர் நினைத்தது வேறு. கணையத்தில் வந்திருப்பது இந்தக் கிறிஸ்மஸைத் தாண்ட விடாது என்று மே மாதமே சொல்லிவிட்டார். ஆர்வில் அதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. வலி வந்தால் புல்வெட்டும் வண்டியைப் பழுது பார்ப்பதாகச் சொல்லிக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

லெஸ்டரின் கடை மேசையில் இரண்டு குழல்கள் கிடந்தன. பக்கத்தில் ஆர்விலின் ரைஃபிள், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம், மேல்பாதி கழற்றப்பட்டுக் கிடந்தது. அதன் பழைய குழலுக்குள் லெஸ்டர் விளக்கு விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியிருந்தான். குண்டைச் சுழற்றிவிடும் உள்புரி தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டதாம்.

ஆர்விலுக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி. துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் முப்பது புள்ளி சேர்த்தால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் தருவார்கள். பத்தொன்பது வருஷமாகச் சேர்த்தது இருபத்து நாலு. மிச்சம் ஆறையும் ஏரிக்கரை மைதானத்தில் ஜூலை கடைசியில் நடக்கும் போட்டியில் எடுத்தால்தான் உண்டு. அடுத்த ஜூலை அவருக்குக் கிடையாது.

லெஸ்டர் இரண்டு குழலுக்கும் குணம் சொன்னான். பளபளவென்று இருப்பது எஃகு. ஆயுசு நாலாயிரம் தோட்டாதான். ஆனால் இருக்கிற வரைக்கும் அறுநூறு கஜத்தில் பத்துக் குண்டையும் ஒரு காப்பி சாஸருக்குள் போடும். கறுப்பாக இருப்பது உள்ளே குரோம் பூசியது. பத்தாயிரம் தாங்கும், சாஸரை மட்டும் மறந்துவிட வேண்டும். சாப்பாட்டுத் தட்டளவுக்குச் சிதறும்.

ஆர்விலின் கை தானாக எஃகுக் குழல் பக்கம் போனது. டெரல் அந்தக் குழலை மெல்ல நகர்த்தி வைத்தான்.

“வேணாம்ப்பா. மூணு நாலு வருஷத்துல இதைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி இங்க வந்து நிக்கணும். கறுப்பே இருக்கட்டும்.”

“உங்கப்பாவுக்கு ஆறு புள்ளி வேணும் தம்பி,” என்றான் லெஸ்டர். “கறுப்பை வெச்சுக்கிட்டு வாத்து சுடலாம், பேட்ஜ் வாங்க முடியாது.”

“இந்த வருஷம் இல்லேன்னா அடுத்த வருஷம் வாங்கிட்டுப் போறாரு. அவருக்கு என்ன அவசரம்?”

அவசரம் என்னவென்று ஆர்விலுக்குத்தான் தெரியும். எனக்கு முந்நூறு தோட்டா போதுமடா என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஏன் என்று கேட்பான். சொல்ல வேண்டிவரும். அப்புறம் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

டெரல் கறுப்புக் குழலைக் கண்ணுக்கு நேரே தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். அஞ்சாறு மாசம் யாரும் தொடாமல் அலமாரியில் கிடந்தாலும் துரு ஏறாதே என்று கேட்டான். குரோமுக்கு ஒன்றும் ஆகாது என்றான் லெஸ்டர். பனிக்காலத்தில் மைதானத்தை மூடிவிடுவார்களே, அதைக்கூட யோசிக்கிறான் பாரேன் என்று ஆர்விலுக்கு உள்ளுக்குள் பெருமை.

“சரிடா. உன் இஷ்டம்போல கறுப்பே போடட்டும்,” என்றார்.

பத்தொன்பது வருஷம் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. இந்த வருஷம் பேட்ஜ் இல்லை என்பது மட்டும் லெஸ்டருக்குத் தெரிந்தது. அவன் ரசீதில் ஆர்விலின் பெயரை எழுதிக்கொண்டான். ஆர்விலுக்கு வருத்தமே இல்லை. அப்பன் இன்னும் பத்து வருஷம் இருப்பான் என்று நம்புகிற பிள்ளையைவிடப் பேட்ஜ் பெரிதா என்ன?

இதே குழல் போட்ட ரைஃபிள் ஒன்று கடையிலேயே இருக்கிறது, பின்னால் போய் நாலு குண்டு சுட்டுப் பாருங்கள் என்றான் லெஸ்டர். டெரல் போன் பேச வாசலுக்குப் போனான். ஆர்வில் தம்முடைய பழைய காதடைப்பானை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதை மாட்டிக்கொண்டால் பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் கேட்காது என்று வீட்டில் கேலி செய்வார்கள். லெஸ்டர் கடையிலிருந்த புது ஜோடி ஒன்றை எடுத்து மாட்டிவிட்டான். பேட்டரி போட்டது. வெடிச்சத்தத்தை அடைத்துவிடும், மற்றதையெல்லாம் பெரிதாக்கிக் கொடுக்கும்.

கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்க நூறு கஜ நீளத் திடல். ஆர்வில் பாயில் குப்புறப் படுத்து, இன்னும் தோட்டா போடாத ரைஃபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். குறி பார்த்துச் சுடும் தாளை மாட்ட லெஸ்டர் அந்தக் கோடிக்கு நடந்துகொண்டிருந்தான். அவன் பூட்ஸுக்கடியில் சரளை நெரிவது காதுக்குள்ளேயே நெரிவதுபோல் இருந்தது. வேலியில் உட்கார்ந்திருந்த குருவி சிறகடித்தது கேட்டது.

பின்னால் டெரல் வந்து நின்றான். இன்னும் போனில்தான் இருந்தான், மனைவி ஷெல்லியோடு. அப்பா காதில் அடைப்பான் இருப்பதை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். குரலைக்கூடத் தணிக்கவில்லை.

“ஆமா ஷெல்லி, நான் சொன்ன குழலுக்கே ஒத்துக்கிட்டாரு. கிறிஸ்மஸுக்கு அப்புறம் நான்தானே சுடப்போறேன்.”