ஸ்பேனர் சாமி

“மணிமேகலை! அந்தாளு மறுபடியும் எட்டிப் பாக்கறான் பாரு!”

பழைய பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த மாதையன், கிடந்த கிடையிலேயே கத்தினான்.

வேலிக்கு அந்தப் பக்கம் குப்புராஜ். பெரியப்பா மகன், அடுத்த வூடு. போனும் கையுமாக, கழுத்தை நீட்டி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பார்த்தா பார்த்துட்டுப் போறாரு. முப்பது வருசம் தொப்பூர்ல லாரிப் பட்டறை வச்சிருந்த மனுசன். அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா உங்க வண்டி இந்நேரம் பெங்களூருக்கே போயிட்டு வந்திருக்கும்” என்றாள் மனைவி மணிமேகலை.

“செத்தாலும் கேக்கமாட்டேன்!”

கேட்கவும் முடியாது. ஒன்பது வருசத்துக்கு முன்னால் மாரியம்மன் பண்டிகையில், கெடாத்தலை யாருக்கு என்று ஆரம்பித்த சண்டை. “இனிமே உன்கூட ஒரு வார்த்தை பேசினா நான் மனுசனே இல்ல” என்று ரெண்டு பேரும் கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார்கள். அந்தச் சந்தடியில் தலையை நாய் தூக்கிக்கொண்டு போனதுதான் மிச்சம்.

வண்டி ஓடத் தகுதியா என்று பார்க்கிற எஃப்.சி. சோதனை இந்த வெள்ளிக்கிழமை.

“பாஸ் ஆகலைன்னா சனிக்கிழமை காயலான் கடைதான். நாலு வருசமா வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது, கோலம் போட இடமில்ல” என்று மணிமேகலை கெடு வைத்திருந்தாள். தோட்டத்துத் தக்காளியைத் தன் சொந்த வண்டியில் பாலக்கோடு மண்டியில் கொண்டுபோய் இறக்கவேண்டும் என்பது மாதையனுடைய வைராக்கியம். அதற்காகத்தான் ஃபேஸ்புக்கில் பழைய வண்டிக்காரர்கள் குழுவில் சேர்ந்தான்.

குழுவில் பதினோராயிரம் பேர். போட்டோ போட்டால் ‘சூப்பர் தலைவா’, ‘கெத்து’ என்று வந்து குவியும். ஆனால் வேலைக்கு ஆகிற மாதிரி பதில் சொன்னது ஒரே ஒரு ஆள்தான். பேர் ‘ஸ்பேனர் சாமி’. முகத்துக்குப் பதிலாக ஒரு பச்சைக்கிளியின் படம். துருப்பிடித்த தகரத்தை எங்கே வெட்டுவது, செத்த எஞ்சினை எப்படி உசுப்புவது என்று மூணு மாசமாக எல்லாம் அவர் சொல்லித்தான் நடந்தது.

போன வாரம் வண்டியின் முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்து, “பெயிண்ட் எப்படி இருக்குங்க ஐயா?” என்று போட்டான்.

“பெயிண்ட் கிடக்கட்டும். பின்னாடி இடது சக்கரத்துல பிரேக் ஆயில் கசியுது, பாருங்க.”

ஓடிப்போய்ப் பார்த்தான். கசிந்தது!

“படத்துல இல்லாததைச் சொல்றாருடி! ஞானதிருஷ்டிடி மனுசனுக்கு!”

அதோடு விட்டாரா? “அரூர்ல ஒரு கடையில அந்தப் பிரேக்குக்குப் புது வீல் சிலிண்டர் சொல்லி வச்சிருக்கேன். ஸ்பேனர் சாமி அனுப்புனாருன்னு சொல்லுங்க.” போய்ச் சொன்னான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

மாதையன் உருகிப்போனான். முன்னே பின்னே பார்த்திராத மனுசன் இப்படி உதவுகிறார், பங்காளியானவன் கண்ணாலேயே வண்டியை எரிக்கிறானே! அதையும் சாமிக்கே எழுதினான்.

“ஐயா, பக்கத்து வூட்டுக்காரன் கொள்ளிக்கண்ணு பட்டுத்தான் என் வண்டியே படுத்துச்சு. அவனை என்ன பண்ணலாம்?”

பதில் வர ரொம்ப நேரமானது.

“கண்டுக்காதீங்க. பார்த்துட்டுப் போறான் பாவம்.”

சாமி சொன்னால் ஆயிற்றா? செவ்வாய்க்கிழமை பெரிய தார்ப்பாய் ஒன்றை வாங்கிவந்து வேலி நீளத்துக்கும் இழுத்துக் கட்டிவிட்டான் மாதையன்.

“இப்ப எட்டிப் பாருடா பார்க்கலாம்!” என்று தார்ப்பாயைப் பார்த்துச் சொன்னான். ஆளைப் பார்த்துச் சொன்னால் சத்தியம் போய்விடுமே.

அன்றையிலிருந்து ஸ்பேனர் சாமிக்கு என்னமோ ஆகிவிட்டது.

“சக்கரத்தைப் படம் எடுத்துப் போடுங்க.” போட்டான்.

“இன்னும் கிட்ட.” போட்டான்.

“ஒண்ணும் புரியலை. வேற பக்கமா எடுங்க.”

“சாமி கண்ணாடி மாத்தணும் போல” என்று சிரித்தாள் மணிமேகலை.

வியாழக்கிழமை மத்தியானம் புது சிலிண்டரை மாட்டி முடித்து, மாதையன் பிரேக்கை மிதித்தான். பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் இறங்கியது. மறுபடி மிதித்தான். ம்ஹூம். மணிமேகலையை மிதிக்கச் சொல்லிவிட்டுச் சக்கரத்துக்கிட்டே போய் உட்கார்ந்து பார்த்தான். எதைத் திருகுவது, எப்போது திருகுவது, ஒன்றும் விளங்கவில்லை. விடிந்தால் எஃப்.சி. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மணிமேகலைக்கே மனசு கேட்கவில்லை. “சாமியைக் கேளுங்க” என்றாள்.

கிரீஸ் விரலை வேட்டியில் துடைத்துவிட்டு எழுதினான். “ஐயா, பிரேக் நிக்கலை. நாளைக்கு என் வண்டி எடைக்குப் போயிடும். நீங்க எந்த ஊருல இருந்தாலும் சரி, கார் வச்சுக் கூட்டிட்டு வர்றேன். உங்க கால்ல வேணா விழறேன். ஒரே ஒரு தடவை வந்து பாருங்க சாமி!”

அனுப்பி முடிக்கவில்லை, பதில் வந்துவிட்டது.

“பைப்புல காத்து நிக்குது. அதை எடுக்க ரெண்டு ஆளு வேணும். நீ மிதி, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன். காரெல்லாம் வேணாம். உன்கூடப் பேசமாட்டேன்னுதான்டா சூடம் அணைச்சேன், பார்க்கமாட்டேன்னு அணைக்கலை. எந்திரிச்சுப் போயி மொதல்ல அந்தத் தார்ப்பாயை அவுரு, மூணு நாளா எனக்குப் பின் சக்கரம் தெரியலை!”