வலது கன்னம்

மாலை வெயில் குளியலறைக் கண்ணாடிவரை எட்டுகிறது. பருவுக்கு மருத்துவர் தந்த களிம்பை வலது கன்னத்தில் மட்டும் பூசிவருகிறேன். இரண்டிலும் பூசினால், பரு குறைந்ததா, என் ஆசை அப்படிக் காட்டுகிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். இது பலிக்காவிட்டால் அடுத்தது மாத்திரைதான். அக்காவுக்கு எதுவும் தெரியாது. "எந்தப் பக்கம் தேவலைன்னு பார்த்துச் சொல்லுக்கா." அவள் ஈரக்கையைத் துடைத்துவிட்டு, என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புகிறாள். இடது, வலது, மறுபடி இடது. அவள் விரல் வலது கன்னத்தில் வந்து நிற்கிறது. "இதுக்கு மட்டும் என்னடா மாப்பிள்ளைக் களை?" மாலை வகுப்புக்கு நேரமாகிறது. நான் களிம்பின் மூடியைத் திருகுகிறேன். இடது கன்னத்தில் முதல் பூச்சு சில்லென்று இறங்குகிறது.