கழுகா, பருந்தா?

“லென்ஸ்ல கை வைக்காதீங்க சார்!”

அருள்முருகன் போட்ட சத்தத்தில், கையிலிருந்த கேமராவை மேஜையிலேயே வைத்துவிட்டார் ஹரிகிருஷ்ணன். மிஷன் வீதியில் கேமரா கடை வைத்திருக்கும் அருள்முருகனுக்கு, பெற்ற பிள்ளை சோற்றுக் கையோடு வந்து சட்டையைப் பிடித்தால்கூடப் பரவாயில்லை. லென்ஸில் ஒரு விரல் பட்டால் மட்டும் உடம்பெல்லாம் பதறும்.

“சரி தம்பி, தொடலை. இதுக்குப் பின்னாடி வச்சு எடுக்கிற மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா காட்டு.”

ரிட்டயர்டு ஆசாமியான ஹரிகிருஷ்ணன் தோள்பையிலிருந்து எடுத்தது, குட்டி பீரங்கி மாதிரி ஓர் ஒற்றைக்கண் தொலைநோக்கி. கூடவே மூன்று கால் ஸ்டாண்டு.

“ஸ்பாட்டிங் ஸ்கோப். பிரான்ஸ்லேர்ந்து மச்சான் கொண்டாந்தது. இதுல கண்ணு வைக்கிற எடத்துல கேமராவை வச்சு எடுக்கணும்.”

“யாரை எடுக்கப் போறீங்க?” அருள்முருகனின் பார்வையே சரியில்லை.

“பொம்பளைங்களை இல்லப்பா, பறவையை! ஊசுட்டேரி நடுவுல ஒரு பட்ட மரம். வருஷா வருஷம் மார்கழியில ஒண்ணு வந்து அதுல உக்காருது. நான் கழுகுன்றேன், என் கூட்டாளி சக்கரபாணி பருந்துன்றான். வருஷக் கணக்கா சண்டை.”

“எப்படித்தான் கண்டுபுடிக்கிறது?”

“வாலைப் பாத்தா போதும். நுனி ரெண்டாப் பிரிஞ்சிருந்தா பருந்து. வட்டமா இருந்தா கழுகு.”

“அப்ப அவரைக் கூட்டிட்டுப் போயி இந்த ஸ்கோப்புலயே காட்டிட வேண்டியதுதானே?”

“அவன் எங்க வர்றது? தவளக்குப்பத்துல மாடிப்படியில உருண்டு, இடுப்பு போயி, படுத்த படுக்கையாக் கெடக்கான். அதான் போட்டோ புடிச்சு மூஞ்சிக்கு நேரா நீட்டணும்.”

படுக்கையில் கிடக்கிற மனுஷனிடம் போய் ஜெயிக்கத் துடிக்கிறாரே, இதெல்லாம் ஒரு சிநேகிதமா என்று தோன்றியது அருள்முருகனுக்கு. ஆனால் தோன்றியதையெல்லாம் சொன்னால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். நாலைந்து கேமராக்களை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார்.

பெரிய மார்க்கெட் மணிக்கூண்டின் உச்சியில் ஒரு பருந்து உட்கார்ந்து, கீழே மீன் கூடைகளை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்கோப்பை அதன் மேல் திருப்பினார் ஹரிகிருஷ்ணன்.

“முதல்ல இதை வச்சுப் பாருங்க சார். பன்னெண்டு மடங்கு ஜூம்!”

வைத்துப் பார்த்தார்கள். திரை முழுக்கக் கறுப்பு. நடுவில், கிணற்றை மேலிருந்து எட்டிப் பார்த்த மாதிரி ஒரு சின்ன வட்டம்.

“பெரிய ஜூம் இதுக்கு ஆவாது தம்பி. மூணு மடங்கு போதும். லென்ஸ் சின்னதா, இந்தக் கண்ணாடி வாய்க்குள்ள அடங்குற மாதிரி இருக்கணும்.”

“அப்ப இது. அஞ்சு மெகா பிக்சல், இப்பத்தான் வந்திருக்கு. உரசாம வைங்க சார், லென்ஸ் பத்திரம்!”

கறுப்பு வட்டம் போன இடம் தெரியவில்லை. அருள்முருகன் துள்ளிக் குதிக்காத குறை.

“அடடா! வால் நுனி ரெண்டாப் பிரிஞ்சிருக்கே, அதுகூட அப்படியே தெரியுது பாருங்க!”

“தெரியுதுல்ல?” ஹரிகிருஷ்ணனின் முகம் தொங்கிப்போனது. “வேணாம். வேற காட்டு.”

அடுத்ததிலும் வால் தெரிந்தது. வேண்டாம் என்றார். அதற்கடுத்ததும் அப்படியே. கடைசியில் ஷோகேஸில் வெயில் காய்ந்து, யாரும் சீண்டாத ஒரு பழைய மாடலை வெறுப்போடு நீட்டினார் அருள்முருகன்.

“ப்ச். இதுலயும் லேசாத் தெரியுதே!”

அருள்முருகனுக்குப் பொறுமை போய்விட்டது.

“தப்பா நெனைக்காதீங்க சார். அந்த ஏரிப் பறவையை நீங்க ஸ்கோப்புல பாத்தீங்களா, இல்லியா?”

“பாத்தேன்.”

“என்னா அது?”

ஹரிகிருஷ்ணன் மணிக்கூண்டைப் பார்த்தார். “பருந்துதான்.”

“அப்ப உங்க கூட்டாளி சொன்னதுதான் சரி! படுத்துக் கெடக்குற மனுஷன்கிட்ட அதை ஒத்துக்க மனசு வரலை. ஏமாத்துறதுக்குத் தோதா கேமரா தேடுறீங்க. நல்லா இருக்கு சார் உங்க நியாயம்!”

ஹரிகிருஷ்ணனுக்குக் கோபம் வரவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டார்.

“விழுந்ததுலேர்ந்து யாரோடயும் பேச மாட்டேன்றான் தம்பி. பொண்டாட்டி ஊட்டுனாலும் வாயைத் தொறக்குறதில்ல. நான் போயி ‘அது கழுகுதான்டா’ன்னா மட்டும், முழங்கையை ஊணி எழுந்து ‘பருந்துடா மடையா’ன்னு கத்துவான். அந்தக் கோவத்துலயே ரெண்டு இட்லி உள்ள போயிடும். இப்பக் கொஞ்ச நாளா அதுவும் இல்ல. ‘எதுவா இருந்தா என்னா, நான் எங்க பாக்கப் போறேன்’னு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறான். போட்டோவைக் காட்டுனாத்தான் இந்தப் பக்கம் திரும்புவான். ஆனா வால் தெரிஞ்சிடுச்சுன்னா அன்னியோட சண்டை முடிஞ்சிடும். மறுநாள் நான் எதைச் சொல்லி அவனை எழுப்புறது?”

அருள்முருகன் அந்தப் பழைய கேமராவை அவர் கையிலிருந்து வாங்கினார். லென்ஸின் நட்டநடுவில் தன் கட்டைவிரலை வைத்து, நன்றாக அழுத்தி, ஒரு சுற்றுச் சுற்றித் தேய்த்தார்.

“இப்ப எடுங்க சார். கழுகா பருந்தான்னு அந்தப் பறவைக்கே தெரியக் கூடாது!”